பழைய கார் வாங்குகிறீர்களா? கிராண்டை நம்பிப் பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

பாலிங், கோலக்கெட்டில், கூப்பாங் பக்கம் கார் இல்லாமல் குடும்பம் நடத்துவது சிரமம். இந்த வட்டாரத்தில் ரயில் இல்லை. பேருந்தை நம்பி மருத்துவமனைக்கோ ஒரு காரியத்துக்கோ நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு மாறியவர்களுக்கும், சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் ஷிப்ட் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் கார் இன்று ஆடம்பரம் அல்ல.

அந்தக் கார் பெரும்பாலும் பழைய காராகத்தான் இருக்கும். 8,000 வெள்ளி, 12,000 வெள்ளி என்று கூட்டுப் பணத்தை எடுத்தும், நகையை அடகு வைத்தும், அண்ணன் தம்பியிடம் கைமாற்று வாங்கியும் சேர்த்த பணம் அது. கார் பழுதானால் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்யலாம். பத்திரம் போலி என்றால் போலீஸ் காரைப் பறிமுதல் செய்துவிடும். காரும் போகும், பணமும் போகும். வாங்கியவர் நல்ல எண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் முடிவு அதுதான்.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. மலேசியாவின் 1957-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் அடிப்படை விதி, தனக்கு உரிமையில்லாத பொருளை ஒருவர் விற்றால், வாங்கியவருக்கு விற்றவரைவிட மேலான உரிமை கிடைக்காது என்பது. சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் திருட்டுக் காரை வாங்கியவர் அவற்றை நம்பி இருக்க முடியாது. ஆகவே, பணம் கைமாறுவதற்கு முன்பே சோதித்துவிடுவதுதான் பாதுகாப்பு.

கிராண்ட் எதைக் காட்டும், எதைக் காட்டாது?

நாம் ‘கிராண்ட்’ என்று சொல்வது சாலைப் போக்குவரத்துத் துறை, அதாவது ஜேபிஜே, கொடுத்த பதிவு அட்டை அல்லது வாகன உரிமைச் சான்றிதழ். அதில் பதிவெண், உரிமையாளர் பெயர், அடையாளக் கார்டு எண், சேசிஸ் எண், இன்ஜின் எண், தயாரிப்பு ஆண்டு போன்றவை இருக்கும். வங்கிக் கடன் இருந்தால் உரிமைக் கோரல் என்ற இடத்தில் வங்கியின் பெயர் இருக்கும்.

அந்தத் தாள் கையில் இருந்தாலே கார் தம்முடையது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஜேபிஜேயின் கணினிப் பதிவுதான் முக்கியம். நம் கையில் இருக்கும் தாள், அது அச்சான நாளில் பதிவு எப்படி இருந்தது என்பதைத்தான் காட்டும். பிறகு வங்கி உரிமைக் கோரல் பதிவாகியிருக்கலாம், கார் காணாமல் போனதாகப் புகார் வந்திருக்கலாம், உரிமையாளர் இறந்தும் போயிருக்கலாம். அவை எதுவும் பழைய தாளில் தெரியாது. அதோடு, நல்ல ஸ்கேனரும் அச்சு இயந்திரமும் இருந்தால் தாளைப் போலியாகவே தயாரித்துவிடலாம்.

அதனால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்தத் தாள் ஜேபிஜே பதிவோடு ஒத்துப்போகிறதா? பதிவில் உள்ள கார்தான் கண் முன்னே நிற்கிறதா? விற்பவர்தான் பதிவில் உள்ள ஆளா, அவருக்கு விற்கும் உரிமை இருக்கிறதா? ஒன்றுக்குச் சரியான பதில் இல்லாவிட்டாலும் வாங்கக் கூடாது.

மோசடி எந்தெந்த வழியில் வரும்?

முதல் வகை, கிராண்டே போலி. வாடகைக்கு எடுத்த காரையோ, நண்பரிடம் இரவல் வாங்கிய காரையோ போலிக் கிராண்டைக் காட்டி விற்றுவிடுவார்கள். சிலர் விற்காமல் அடகு வைப்பார்கள். உரிமையாளர் புகார் செய்ததும் போலீஸ் காரைத் தேடி வரும்.

இரண்டாவது, ‘குளோன்’ கார். இதில் கிராண்டில் உள்ள விவரங்கள் உண்மையாக இருக்கும், கார்தான் வேறு. விபத்தில் முழுச் சேதம் என்று ஒதுக்கப்பட்ட ஒரு காரின் பதிவெண்ணையும் சேசிஸ் எண்ணையும் எடுத்து, அதே மாடல், அதே நிறத்தில் உள்ள திருட்டுக் காருக்கோ கடத்தி வந்த காருக்கோ போட்டுவிடுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு காரின் எண்ணைத் திருடுவதும் உண்டு. தாளை மட்டும் பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. பாலிங் மாவட்டம் தாய்லாந்து எல்லையை ஒட்டியது. ‘எல்லையிலிருந்து வந்த கார், அதனால்தான் விலை குறைவு’ என்று யாராவது சொன்னால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வெட்டி ஒட்டிய கார். ஒரு காரின் முன்பாதியும் இன்னொரு காரின் பின்பாதியும் சேர்த்து வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். ஒரு பாதியில் உள்ள எண் சரியாக இருக்கலாம். ஆனால் விபத்து நேர்ந்தால் ஒட்டிய இடம் தாங்காது. இதில் பணத்தோடு உயிருக்கும் ஆபத்து.

நான்காவது, வங்கிக் கடன் முடியாத கார். இதில் தாள் போலியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ‘கிராண்ட் வங்கியில் இருக்கிறது, நீங்கள் மாதா மாதம் கட்டுங்கள்’ என்று கூறி விற்பார்கள். ‘சம்போங் பாயார்’ எனப்படும் இதைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறோம்.

ஐந்தாவது, வெள்ளத்தில் மூழ்கிய காரை மறைத்து விற்பது. 2022 ஜூலை 4 அன்று கூப்பாங் பகுதியில் திடீர் வெள்ளம் வந்து மூவர் உயிரிழந்ததையும், வீடுகளும் வாகனங்களும் சேறில் புதைந்ததையும் இந்த வட்டார மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி மூழ்கிய காரைச் சொல்லிவிட்டு விற்பதில் தவறில்லை. மறைத்து விற்பதுதான் மோசடி. வெள்ளம் எங்கே வந்தாலும் அந்தக் கார்கள் பிறகு வேறு ஊர்ச் சந்தைக்குப் போகும்.

காரையும் எண்களையும் பார்ப்பது எப்படி?

காரை இரவில் பார்க்காதீர்கள். மழையில் நனைந்த காரையும் பார்க்காதீர்கள், கீறலும் புதுப் பெயின்டும் தெரியாது. எண்ணெய் நிலையத்தில் சந்திக்கலாம் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். கிராண்டில் உள்ள முகவரியில், உரிமையாளரின் வீட்டில், பகல் நேரத்தில் பார்ப்பதே நல்லது. அக்கம்பக்கத்தாருக்கு அந்தக் காரைத் தெரிந்திருக்கும். பழக்கமான மெக்கானிக் ஒருவரைக் கையோடு அழைத்துப் போங்கள்.

முதலில் சேசிஸ் எண். இப்போதைய கார்களில் இது 17 எழுத்தும் எண்ணும் கலந்தது. அனைத்துலக முறைப்படி அதில் ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் வராது, ஒன்று, பூஜ்ஜியம் ஆகியவற்றோடு குழம்பக் கூடாது என்பதற்காக. மலேசியாவில் தயாரான புரோட்டோன் கார்களின் எண் பொதுவாக ‘பிஎல்1’ என்றும், பெரோடுவா கார்களின் எண் ‘பிஎம்2’ என்றும் தொடங்கும். மைவி காரின் கிராண்டில் வேறு மாதிரி தொடங்கும் எண் இருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

இந்த எண் இரும்பில் பொறிக்கப்பட்ட இடம் மாடலுக்கு மாடல் மாறும். இன்ஜின் அறையின் பின்சுவர், முன் பயணியின் இருக்கைக்குக் கீழ், கதவுத் தூண் ஆகிய இடங்களில் பார்க்கலாம். தகட்டிலும் ஸ்டிக்கரிலும் உள்ள எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். இரும்பில் பொறித்த எண்ணைத் தேடி, கிராண்டில் உள்ளதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட், உரசிய தடம், வெல்டிங் கோடு, ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நிற்கும் எழுத்துகள் இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். ‘துரு பிடித்தது, அதனால் பெயின்ட் அடித்தோம்’ என்ற விளக்கத்தை ஏற்காதீர்கள்.

இன்ஜின் எண்ணையும் அதே போல ஒப்பிட வேண்டும். இன்ஜினை மாற்றுவது குற்றமல்ல. ஆனால் மாற்றியதை ஜேபிஜேயில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்யாவிட்டால் உரிமை மாற்றம் நடக்காது.

காரின் வயதைச் சொல்லும் சின்ன அடையாளங்களும் உண்டு. சீட் பெல்ட்டின் அடியில் உள்ள துணிச்சீட்டில் தயாரிப்பு ஆண்டு இருக்கும். கண்ணாடிகளின் மூலையிலும் தயாரிப்பு ஆண்டைக் குறிக்கும் குறி இருக்கும். கிராண்டில் 2012 என்றும், நான்கு சீட் பெல்ட்டிலும் 2016 என்றும் இருந்தால் அது வேறு காராக இருக்கலாம். ஒரு கண்ணாடி மட்டும் வேறுபட்டால் உடைந்து மாற்றியிருப்பார்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய காரென்றால் தரைவிரிப்புக்கு அடியில் சேறு, இருக்கை அடியிலுள்ள போல்ட்டுகளில் துரு, உதிரி டயர் வைக்கும் பள்ளத்தில் மண் படிந்த கோடு, சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் நீர்க்கறை ஆகியவை தெரியும்.

விற்பவர் உண்மையில் உரிமையாளரா?

விற்பவரின் அசல் அடையாளக் கார்டைக் கேளுங்கள். நகலும் புலனத்தில் அனுப்பிய படமும் போதாது. பெயர், எண் இரண்டும் கிராண்டில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். ‘கார் மச்சான் பெயரில் இருக்கிறது’, ‘அவர் சிங்கப்பூரில் இருக்கிறார்’, ‘நான் ஏஜண்டுதான்’ என்றெல்லாம் சொன்னால், உரிமையாளர் நேரில் வரும்வரை ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள்.

மைஜேபிஜே செயலியில் ஒருவர் தம் கணக்கில் நுழைந்தால் தம் பெயரில் உள்ள வாகனங்களைப் பார்க்கலாம். விற்பவரை உங்கள் முன்னிலையில், அவருடைய கைப்பேசியில் அந்தச் செயலியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். படம் பிடித்து அனுப்பியதை ஏற்காதீர்கள், படத்தில் எழுத்தை மாற்றுவது எளிது. உண்மையான உரிமையாளர் இதற்குத் தயங்க மாட்டார்.

இன்னொரு வழியும் உண்டு. ஜேபிஜேயின் இணையச் சேவையில் பதிவெண்ணையும் உரிமையாளரின் அடையாளக் கார்டு எண்ணையும் கொடுத்தால் சாலை வரி முடியும் தேதியைப் பார்க்கலாம். இரண்டும் பொருந்தாவிட்டால் விவரம் வராது. அப்படி வராவிட்டால் நேரே ஜேபிஜே முகப்புக்குப் போய், விற்பவரையும் கூட வைத்துக்கொண்டு, விவரத்தைச் சரிபாருங்கள்.

2023 பிப்ரவரி முதல் தனியார் கார்களின் கண்ணாடியில் சாலை வரி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய கட்டாயம் மலேசியர்களுக்கு இல்லை. முன்பு அந்த ஸ்டிக்கரைப் பார்த்தே ஓரளவு சந்தேகப்பட முடிந்தது. இப்போது செயலியைத்தான் பார்க்க வேண்டும்.

சம்மன்களையும் பாருங்கள். போலீஸ் சம்மன்களை மைபாயார் பிடிஆர்எம் சேவையிலும், ஜேபிஜே சம்மன்களை மைஜேபிஜேயிலும் பார்க்கலாம். விற்பவர் பெயரிலோ வாங்குபவர் பெயரிலோ தடை இருந்தால் உரிமை மாற்றம் நின்றுவிடும். யார் எதைக் கட்டுவது என்பதை விலை பேசும்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

‘சம்போங் பாயார்’: சொந்தமாகாத கார்

நம்மவர்கள் அதிகம் சிக்கும் இடம் இது. வங்கியில் கடன் கிடைக்காதவர், பெயர் கெட்டுப்போனவர், சம்பளச் சீட்டு இல்லாதவர் ஆகியோரைக் குறிவைத்தே இந்த விளம்பரங்கள் முகநூலில் வருகின்றன.

கணக்கைப் பாருங்கள். ஒருவர் 5,000 வெள்ளி முன்பணம் கொடுத்து, மாதம் 480 வெள்ளி வீதம் மீதமுள்ள 24 மாதங்களையும் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தவணை மட்டும் 11,520 வெள்ளி. முன்பணத்தோடு 16,520 வெள்ளி. அவ்வளவும் கட்டி முடித்த பிறகும் காரின் பதிவு முதல் உரிமையாளர் பெயரில்தான் இருக்கும். அவர் கைரேகை வைக்க மறுத்தால், ஊரை விட்டுப் போய்விட்டால், இறந்துவிட்டால் காரை மாற்றிக்கொள்ள வழி இல்லை.

இடையிலேயும் ஆபத்து உண்டு. தவணைப் பணத்தை நீங்கள் இடைத்தரகரிடம் கொடுக்கிறீர்கள், அவர் வங்கியில் கட்டவில்லை என்றால் உங்களுக்கு எப்படித் தெரியும்? வாடகைக் கொள்முதல் சட்டப்படி தவணை தொடர்ந்து தவறினால், வங்கி 21 நாள் முன்னறிவிப்புக் கொடுத்த பிறகு காரை இழுக்கலாம். அந்த அறிவிப்புக் கடன் வாங்கியவரின் முகவரிக்குத்தான் போகும், உங்களுக்கு வராது. வேலை முடிந்து தொழிற்சாலைக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தால் கார் இருக்காது.

சட்டப்படியும் இது தவறு. 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி, கடைசித் தவணை முடியும்வரை காரின் உரிமையாளர் வங்கிதான். கடன் வாங்கியவருக்கு இருப்பது பயன்படுத்தும் உரிமை. வங்கியை ஏமாற்றும் வகையில் காரை விற்பதோ கைமாற்றுவதோ அந்தச் சட்டத்தின் 38-ஆவது பிரிவின்கீழ் குற்றம். ஆணையர் முன்னிலையில் கையொப்பமிட்ட ஒப்பந்தம் இருக்கிறது என்று சிலர் தாளைக் காட்டுவார்கள். வங்கிக்குச் சொந்தமான பொருளை வங்கியின் சம்மதமில்லாமல் விற்க எந்த முத்திரையும் உரிமை தராது.

காப்புறுதியும் பழைய உரிமையாளர் பெயரில்தான் இருக்கும். விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக்கு அவரையே தேடிப் போக வேண்டும்.

கடன் உள்ள காரை முறையாக வாங்கவும் வழி இருக்கிறது. விற்பவர் தம் வங்கியிடம் முழுக் கடனையும் அடைக்க எவ்வளவு வேண்டும் என்ற கணக்கை எழுத்தில் வாங்க வேண்டும். அந்தத் தொகையை விற்பவர் கையில் கொடுக்காமல் நேரே வங்கியின் கடன் கணக்கில் கட்டுங்கள். வங்கி தன் உரிமைக் கோரலை நீக்கியது ஜேபிஜே பதிவில் தெரிந்த பிறகு, மீதியை உரிமை மாற்ற நாளில் விற்பவருக்குக் கொடுங்கள். சில நாட்கள் கூடுதலாகும். பணம் பத்திரமாக இருக்கும்.

அப்பா பெயரில் உள்ள கார்

மோசடி எண்ணம் எதுவும் இல்லாமலே சிக்கல் வரும் இடம் இது. அப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருக்கும், கார் அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளைகளில் ஒருவர் அதை விற்க வருவார். கிராண்ட் அசல், கார் அசல், விற்பவர் தெரிந்த பையன். ஆனாலும் அவரால் சட்டப்படி விற்க முடியாது.

விற்பவர், வாங்குபவர் இருவரும் கைரேகை வைக்கும் சாதாரண மாற்றம் இங்கே நடக்காது. இறந்தவரின் வாரிசுரிமைப் பத்திரம் வேண்டும். கார், சேமிப்பு போன்ற அசையும் சொத்து மட்டும், மொத்தம் 600,000 வெள்ளிக்குள் என்றால் அமானா ராயாவை நாடலாம். வீடு, நிலம் இருந்தால் சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவையோ நீதிமன்றத்தையோ நாட வேண்டியிருக்கும். பிள்ளைகளில் ஒருவர் காரை விற்றுவிட, மற்றவர் ‘எனக்கும் பங்குண்டு’ என்று வந்து நின்றால் வாங்கியவர் மாட்டிக்கொள்வார். முதலில் வாரிசு பெயருக்கு மாறட்டும், பிறகு வாங்குங்கள்.

நம் வீட்டில் அப்படி ஒரு கார் நின்றால் அதையும் இப்போதே கவனிப்பது நல்லது. காலம் போகப் போகக் கையொப்பமிட வேண்டிய வாரிசுகளும் கூடிக்கொண்டே போவார்கள்.

லங்காவி கார் மலிவு ஏன்?

கெடாவில் இருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். லங்காவி 1987 முதல் வரியற்ற தீவு. அங்கே வரி கட்டாமல் வாங்கிய கார்கள் ‘கேவி’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணோடு ஓடுகின்றன. அவற்றைப் பெருநிலத்துக்குக் கொண்டுவரச் சுங்கத் துறையின் அனுமதி வேண்டும், அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். நிரந்தரமாக இங்கே வைத்துக்கொள்ள வேண்டுமானால் வரியைக் கட்டியாக வேண்டும். ‘கேவி’ காரை வேறு எண் பலகை போட்டுக் குறைந்த விலைக்கு விற்க வந்தால், அது சுங்கத் துறைக் குற்றத்தில் பங்கு கேட்பதற்குச் சமம். வரி கட்டிய ரசீதும் ஜேபிஜே பதிவும் இல்லாமல் தொடாதீர்கள்.

சோதனையும் உரிமை மாற்றமும்

விலை படிந்த பிறகு செய்ய வேண்டியவை ஒரு வரிசையில் வரும். வரிசையை மாற்றினால் ஆபத்து.

ஒன்று, பி5 சோதனை. உரிமை மாற்றத்துக்கான இந்தச் சோதனையில் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஜேபிஜே பதிவோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். காரின் அடிப்பகுதி, மேற்பகுதி, கண்ணாடியின் கறுப்பு ஆகியவற்றையும் பார்ப்பார்கள். வங்கிக் கடனில் வாங்குவதானால் பி7 என்ற சோதனையும் தேவைப்படும். நீண்ட காலமாகப் புஸ்பாகோம் மட்டுமே இதைச் செய்து வந்தது. அந்தத் தனி உரிமை 2024 ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிந்தது. எந்த மையமானாலும் ஜேபிஜேயின் அங்கீகாரம் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனைக்கு நீங்களும் கூடவே போங்கள். ‘நான் போய் எடுத்து வருகிறேன்’ என்று விற்பவர் தாளை மட்டும் கொண்டு வந்தால் அந்தத் தாளே போலியாக இருக்கலாம். பி5 தேறியது என்றால் கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல. அதை மெக்கானிக்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு, காப்புறுதி. உங்கள் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். விற்பவரின் உரிமை கோராக் கழிவு காரோடு சேர்ந்து வராது, அது அவருடையது. பழைய காப்புறுதியில் 55 விழுக்காடு கழிவு இருந்ததைக் காட்டிப் ‘புதுப்பிக்கக் கொஞ்சம்தான் ஆகும்’ என்று சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்று, ஜேபிஜேயில் உரிமை மாற்றம். விற்பவரும் வாங்குபவரும் அசல் அடையாளக் கார்டோடு முகப்புக்குப் போய்ப் பெருவிரல் ரேகை வைப்பதே எல்லாருக்கும் பாதுகாப்பான முறை. போலி அடையாளக் கார்டு இங்கேதான் அகப்படும். ரேகை ஒத்துப்போகாவிட்டால் மாற்றம் நடக்காது. ஏஜண்டு இல்லாமலே இதைச் செய்துகொள்ளலாம். வேலை நாளாக இருக்கிறதே என்று ஒருநாள் விடுப்பு எடுக்கத் தயங்காதீர்கள். ஒருநாள் சம்பளத்தைப் பார்த்தால் 12,000 வெள்ளி போகும்.

நான்கு, மீதிப் பணம். பெரும்பகுதிப் பணத்தை ரேகை வைத்து, மாற்றம் பதிவான பிறகே கொடுங்கள். ரொக்கமாகக் கொடுக்காமல் விற்பவரின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் சாட்சி இருக்கும். கணக்கு வேறொருவர் பெயரில் இருந்தால் அனுப்பாதீர்கள். அனுப்புமுன் அந்தக் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் போலீசின் ‘செமாக் மியூல்’ சேவையில் போட்டுப் பாருங்கள். முன்பு புகாருக்குள்ளான எண் என்றால் காட்டும்.

முன்பணம் கேட்டால் சிறு தொகையோடு நிறுத்துங்கள். ரசீதில் பதிவெண், சேசிஸ் எண், விற்பவர் பெயர், அடையாளக் கார்டு எண், எந்தக் காரணத்தால் வியாபாரம் முறிந்தால் முன்பணம் திரும்ப வரும் என்பதையும் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

இரண்டு விஷயங்களை எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள். காலிப் படிவத்தில் கையொப்பம் போடாதீர்கள். அடையாளக் கார்டு நகலைக் கொடுக்கும்போது குறுக்கே கோடு போட்டு, எந்தக் காரின் உரிமை மாற்றத்துக்கு என்று எழுதாமல் கொடுக்காதீர்கள்.

விற்பவருக்கும் பாதுகாப்பு வேண்டும்

பழைய காரைக் கொடுத்துவிட்டு, ‘பிறகு மாற்றிக்கொள்கிறோம்’ என்ற வார்த்தையை நம்பி இருப்பவர்கள் பலர். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, கார் கைமாறிய ஏழு நாட்களுக்குள் பதிவுபெற்ற உரிமையாளர் ஜேபிஜேக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் வாங்கியவர் செய்யும் சாலைக் குற்றங்களுக்கெல்லாம் சம்மன் உங்கள் வீட்டுக்கு வரும். அந்தக் கார் திருட்டுக்கோ கடத்தலுக்கோ பயன்பட்டால் போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவைத்தான்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில், காரை வேறொருவர் தலையில் கட்டிவிட முயலாதீர்கள். போலி என்று தெரிந்த பிறகு விற்றால் ஏமாந்தவர் என்ற நிலை போய் நீங்களே குற்றவாளி ஆவீர்கள். தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுதல் 420-ஆவது பிரிவிலும், போலிப் பத்திரத்தை அசலாகப் பயன்படுத்துதல் 471-ஆவது பிரிவிலும், திருட்டுப் பொருளைத் தெரிந்தே வைத்திருத்தல் 411-ஆவது பிரிவிலும் வருகின்றன.

பணத்தை இணையம் வழி அனுப்பி, சற்று முன்புதான் ஏமாந்தது தெரிந்தது என்றால், உடனே உங்கள் வங்கியையும் 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தையும் அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் தடுக்க முடியலாம். இதில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

அடுத்து அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் புகார் செய்யுங்கள். கிராண்ட், ரசீது, பணம் அனுப்பிய சான்று, புலன உரையாடல், விளம்பரத்தின் படம், சேசிஸ் எண்ணின் படம் அனைத்தையும் கொண்டு போங்கள். உரையாடலை அழித்துவிடாதீர்கள். காரைப் போலீஸ் எடுத்துக்கொண்டால் அதற்கான தாளைக் கேட்டு வாங்குங்கள்.

விற்றவர் கார் வியாபாரி என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே கொண்டு போகலாம். பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். தனிநபரிடம் வாங்கியிருந்தால் இந்த மன்றம் உதவாது. 5,000 வெள்ளிக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். அதற்கு மேல் என்றால் வழக்கறிஞரையோ சட்ட உதவித் துறையையோ அணுக வேண்டும். மலாய் மொழியில் புகார் எழுதத் தயங்குபவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைத் தமிழிலேயே தொடர்பு கொண்டு ஆலோசனை கேட்கலாம்.

வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுவதுதான் நம்மவர்களிடம் உள்ள பழக்கம். அந்த மௌனத்தால், ஏமாற்றியவன் அதே தாமானில் அடுத்த வீட்டுக்குப் போகிறான்.

கையில் வைத்துக்கொள்ளச் சுருக்கமாக

1. பகலில், உரிமையாளரின் வீட்டில், மெக்கானிக்கோடு காரைப் பாருங்கள்.
2. இரும்பில் பொறித்த சேசிஸ் எண், இன்ஜின் எண், கிராண்ட் மூன்றையும் ஒப்பிடுங்கள்.
3. அசல் அடையாளக் கார்டில் உள்ள ஆளே விற்க வேண்டும்.
4. மைஜேபிஜே செயலியை விற்பவரின் கைப்பேசியில் நேரில் பாருங்கள்.
5. வங்கிக் கடன் இருந்தால் வங்கிக்கே கட்டுங்கள். ‘சம்போங் பாயார்’ வேண்டாம்.
6. இறந்தவர் பெயரில் உள்ள கார் முதலில் வாரிசு பெயருக்கு மாறட்டும்.
7. பி5 சோதனைக்கு நீங்களும் போங்கள்.
8. ஜேபிஜே முகப்பில் இருவரும் ரேகை வைத்த பிறகு மீதிப் பணம்.
9. பணம் விற்பவரின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும்.
10. காலிப் படிவத்தில் கையொப்பம் வேண்டாம்.

‘இன்றைக்கே முடிவு சொல்லுங்கள், இன்னொருவர் பணத்தோடு காத்திருக்கிறார்’ என்று விற்பவர் அவசரப்படுத்தினால் அந்த இன்னொருவருக்கே கார் போகட்டும் என்று விட்டுவிடுங்கள். நல்ல பழைய கார் அடுத்த மாதமும் கிடைக்கும். மேலே சொன்ன சோதனைகளுக்கு இரண்டு மூன்று நாட்கள் போதும். அதற்கு ஒத்துக்கொள்ளும் விற்பவரிடம் வாங்குங்கள்.